புளித்த கோழித் தீவனம்: வாளியிலும் கோழியிலும் தெரியும் கோளாறுகள், பார்க்க வேண்டிய வரிசை

வீட்டுக்கோழிக்குத் தீவனத்தைப் புளிக்க வைத்துப் போடுகிறவர்கள் எங்கள் பக்கம் இப்போது அதிகம். அதனால் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து "இதைக் கொஞ்சம் மோந்து பாருங்க" என்று நிற்கிறவர்களும் அதிகம். கேள்விகள் பெரும்பாலும் அதே பத்துக் கேள்விகள்தான். அவற்றை அறிகுறி வாரியாக இங்கே எழுதி வைக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணத்தை முதலில் பாருங்கள். செலவு வைக்கும் காரணம் கடைசியில் இருக்கும்.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மூன்று நாள், நான்கு நாள் புளிக்க வை என்று பரவலாகச் சொல்லப்படும் கணக்கு குளிர்நாட்டுக் கணக்கு. ஈரோட்டிலோ மதுரையிலோ சித்திரை வெயிலில் அது ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை நாள் வேலை. வாளியில் வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டதால் வருபவை.

## முதலில், சரியாகச் செய்தால் எப்படி இருக்கும்

கம்பு, சோளம், உடைத்த மக்காச்சோளம், அரிசிக் குருணை எதுவானாலும் சரி. தூசி, உமி போக ஒருமுறை அலசி, வாளியில் பாதி அளவுக்குப் போட்டு, தானியம் மூழ்கி அதற்கு மேல் இரண்டு விரல் உயரம் நிற்கும்படி தண்ணீர் ஊற்றுங்கள். கடைத் தூள் தீவனமாக இருந்தால் கிலோவுக்கு ஒன்றேகால் லிட்டர் போதும், கூழாக இருக்கும். உப்புப் போடாத நீராகாரம் ஒரு டம்ளர் ஊற்றினால் சீக்கிரம் தொடங்கும். ஊற்றாவிட்டாலும் புளிக்கும், அரை நாள் தாமதமாகும், அவ்வளவுதான்.

மேலே மெல்லிய வேட்டித் துணியைக் கட்டி, நிழலில் வையுங்கள். காலை மாலை அடிவரை கிளறுங்கள். வெயில் காலத்தில் 24 முதல் 36 மணி நேரம், மார்கழி தை மாதங்களில் இரண்டு நாள், ஊட்டி கொடைக்கானல் பக்கம் மூன்று நான்கு நாள். குமிழி வர வேண்டும், தண்ணீர் கலங்க வேண்டும், இட்லி மாவு புளித்த வாடை வர வேண்டும். வாடையில் நம்பிக்கை இல்லாதவர்கள் ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் புளிப்பை அளந்து காட்டும் பி.எச். தாள் வாங்கிக்கொள்ளலாம். 4.5 அல்லது அதற்குக் கீழே காட்டினால் தயார்.

வாளி விஷயத்தில் கறாராக இருங்கள். அலுமினியம், பித்தளை, செம்பு கூடாது. புளிப்பு உலோகத்தை அரித்துத் தீவனத்தில் இறக்கிவிடும். காலி பெயின்ட் வாளி எத்தனை முறை கழுவினாலும் கூடாது. எவர்சில்வர், மண்பானை, சாப்பாட்டுப் பொருள் வந்த பிளாஸ்டிக் டப்பா, இந்த மூன்றில் ஏதாவது ஒன்று.

## அறிகுறி 1: ஒரு நாள் ஆகியும் குமிழியே இல்லை

முதலில் கிளறிப் பாருங்கள். தூள் தீவனம் அடியில் களியாகப் படிந்திருந்தால் காற்று அங்கேயே சிக்கியிருக்கும். கரண்டியை அடிவரை விட்டுக் கிளறியதும் குபுகுபுவென்று வந்தால் ஒன்றும் கோளாறு இல்லை.

குமிழி இல்லை, ஆனால் புளிப்பு வாடை இருக்கிறது என்றால் வேலை முடிந்துவிட்டது என்று பொருள். நீங்கள் தூங்கும்போது பொங்கி அடங்கியிருக்கும். எடுத்துப் போடலாம்.

குமிழியும் இல்லை, வாடையும் பச்சை மாவு போல இருக்கிறது என்றால் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் தூக்கலாக இருக்கும் நாளில் வாளி அப்படியே உறங்கும். முந்தின இரவே அகலமான பாத்திரத்தில் திறந்து வைத்த தண்ணீரைப் பயன்படுத்தினால் சரியாகும். இப்போதைக்கு ஒரு டம்ளர் நீராகாரமோ, நன்றாகப் புளித்த பழைய வாளியின் தண்ணீரோ ஊற்றி இன்னும் அரை நாள் பாருங்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் தீவனத்தின் பையைத் திருப்பிப் படியுங்கள். குஞ்சுத் தீவனங்களில் இரத்தக் கழிச்சலுக்கான மருந்தோ வேறு மருந்தோ கலந்திருக்கலாம். அது புளிக்க வைக்கும் நுண்ணுயிர்களையும் அடக்கும். மருந்து கலந்த தீவனத்தைப் புளிக்க வைக்காமல் உலர்வாகவே போடுங்கள்; மருந்தின் அளவும் அப்போதுதான் கணக்காகப் போகும். முட்டைக்கோழித் தீவனம் மந்தமாகப் புளிப்பதற்குக் காரணம் வேறு. அதில் சுண்ணாம்புக்கல் தூள் நிறைய இருக்கிறது, உண்டாகிற அமிலத்தை அது தின்றுவிடுகிறது. இந்தத் தீவனத்துக்குக் கூடுதலாக அரை நாள் கொடுங்கள். அல்லது தானியத்தை மட்டும் புளிக்க வைத்து, போடும்போது முட்டைத் தீவனத்தை உலர்வாகத் தூவிக் கொடுங்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி.

எச்சரிக்கை ஒன்று. பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் "கொஞ்சம் புளித்துவிட்டது" என்று எடுத்துப் போடாதீர்கள். புளிப்பு ஏறுவதற்கு முந்தைய அந்தப் பொழுதில்தான் வேண்டாத கிருமிகளும் பெருகும். புளிப்பு ஏறிய பிறகே அவை அடங்கும். நாலைந்து மணி நேரம் ஊறியதை வெறும் ஊறல் தீவனமாகப் போடலாம், அல்லது முழுசாகப் புளிக்க விட்டுப் போடலாம். இரண்டுக்கும் நடுவில் வேண்டாம்.

## அறிகுறி 2: மேலே வெள்ளையாக ஏதோ படர்ந்திருக்கிறது

அதிகம் பேரைப் பயமுறுத்துவது இதுதான். வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்.

தட்டையாக, ஆடை போல, சுருக்கம் விழுந்து இருக்கிறது, விரலால் தொட்டால் கிழிகிறது, முடி இல்லை. இது ஈஸ்ட் படலம். கெடுதல் இல்லை. வழித்து எறிந்துவிட்டுக் கிளறி, தண்ணீர் மட்டம் குறைந்திருந்தால் ஏற்றிவிடுங்கள். கிளறாமல் விட்ட வாளியில் கட்டாயம் வரும். தினமும் இரண்டு வேளை கிளறியும் வந்துகொண்டே இருந்தால் நீங்கள் வாளியைத் தேவைக்கு மேல் வைத்திருக்கிறீர்கள்.

பஞ்சு போல, முடி முடியாக எழும்பி நிற்கிறது. அல்லது பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு நிறம் ஏதாவது தெரிகிறது. இது பூசணம். வாளி முழுவதும் போக வேண்டும். மேலே மட்டும் அள்ளிப்போட்டு அடியில் இருப்பதை மிச்சம் பிடிக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கூடாது. கண்ணுக்குத் தெரிவது பூசணத்தின் மேல்பகுதிதான். அது விடும் நஞ்சு கீழே இறங்கியிருக்கும். வேக வைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

கொட்டுகிற இடத்தையும் யோசியுங்கள். குப்பைமேட்டில் கொட்டினால் மறுநாள் காலையில் அதே கோழிகள் கிளறித் தின்னும். குழி தோண்டி மூடுங்கள்.

பூசணம் ஏன் வந்தது? சுலபமான காரணம், தானியம் தண்ணீருக்கு மேலே நின்றது. கம்பும் சோளமும் ஊறி உப்பும்போது முதல் ஆறு மணி நேரத்தில் தண்ணீரை உறிஞ்சிவிடும். இரவு ஊற்றிய இரண்டு விரல் காலையில் இருக்காது. எழுந்ததும் மட்டம் பாருங்கள். மிதக்கிற உமியும் சொத்தைத் தானியமும் பூசணத்துக்கு மேடை, முதலிலேயே அரித்து எடுத்துவிடுங்கள். வாளியின் விளிம்பில் ஒட்டிக் காய்ந்த தீவனத்தைத் துடைத்துவிடுங்கள். இதெல்லாம் செய்தும் வருகிறதென்றால் வாளியின் உள்பக்கம் கீறல் விழுந்திருக்கிறதா பாருங்கள். கீறல் விழுந்த பிளாஸ்டிக்கைத் தேய்த்துத் தேய்த்து மாளாது, மாற்றுங்கள்.

அடுத்தடுத்த வாளிகளிலும் பூசணம் வந்தால் மூட்டையிலேயே பிரச்சினை. இது செலவு வைக்கும் காரணம். மக்காச்சோளத்தையும் கடலைப் புண்ணாக்கையும் கையில் அள்ளிப் பாருங்கள். கட்டி கட்டியாக ஒட்டியிருந்தாலோ, உடைத்தால் உள்ளே பச்சைத் தூள் இருந்தாலோ, ஈரமண் வாடை வந்தாலோ அந்த மூட்டையையே ஒதுக்குங்கள். அஃப்ளாடாக்சின் என்ற பூசண நஞ்சு அதிகம் குடியிருக்கும் இடம் இந்த இரண்டும்தான். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தபோது என்ன நோய் என்றே தெரியாமல் திண்டாடினார்கள். கடைசியில் காரணம் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு. புளிக்க வைத்தால் நஞ்சு முறிந்துவிடும் என்று சிலர் சொல்வதை நம்பிக் கெட்ட மூட்டையை வாளியில் போடாதீர்கள். புளிப்பு கெட்ட தீவனத்தை நல்லதாக்காது, வாடையை மட்டும் மறைக்கும்.

மூட்டை கணிசமான விலை, சந்தேகம் மட்டும்தான் இருக்கிறது என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது, மாதிரி கொடுத்துச் சோதித்துக்கொள்ளலாம். பத்துக் கோழிக்கு வாங்கிய பத்துக் கிலோ என்றால் சோதனைக்கு அலைவதைவிடக் குழியில் போடுவது மலிவு.

## அறிகுறி 3: வாடை சரியில்லை

கள் வாடை, சாராய வாடை. ஈஸ்ட் கை ஓங்கியிருக்கிறது. வெல்லம், நாட்டுச் சர்க்கரை, பழக்கழிவு ஏதாவது போட்டீர்களா? "சீக்கிரம் புளிக்கும்" என்று போடுவார்கள், சாராயம்தான் சீக்கிரம் வரும். எதுவும் போடாமலே வந்தால் நாள் கூடிவிட்டது, அல்லது வெயில் படும் இடத்தில் வாளி இருக்கிறது. லேசான வாடையென்றால் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் ஒருமுறை அலசி, உலர் தீவனத்தோடு பாதிக்குப் பாதி கலந்து போட்டுத் தீர்த்துவிடலாம். தூரத்திலேயே குப்பென்று அடித்தால் கொட்டுங்கள். அந்த வாளித் தண்ணீரை அடுத்த வாளிக்கு உறை ஊற்றாதீர்கள்.

மூக்கைத் துளைக்கிற காடி வாடை. அதிகம் புளித்துவிட்டது. ஆபத்து இல்லை, ஆனால் கோழிக்குப் பிடிக்காது. அலசிப் போடுங்கள். நாளை அரை நாள் முன்னதாக எடுங்கள்.

அழுகல் முட்டை, வாந்தி, சாக்கடை வாடை. இதில் யோசிக்க எதுவும் கிடையாது. கொட்டுங்கள். ஒரு கோழிக்குக்கூட வைத்துப் பார்க்க வேண்டாம். காரணம் பெரும்பாலும் புரதச் சரக்குதான். கருவாட்டுத் தூள், மீன் கழிவு, முட்டை, கறி வெட்டிய மிச்சம் இவற்றை வாளியில் போட்டால் புளிப்பு ஏறும் முன் அழுகல் முந்திக்கொள்ளும். தானியத்தைப் புளிக்க வையுங்கள், கருவாட்டுத் தூளைப் பரிமாறும்போது தூவுங்கள். அதையும் அளவோடு. உப்புக் கருவாடு அதிகமானால் கோழிக்கு உப்பு நஞ்சாகவே மாறும்.

கருவாடு போடவில்லை, ஆனாலும் நாறுகிறதா? இறுக்கி மூடி, கிளறாமல், அடியில் களி கட்டிய தூள் தீவனமாக இருக்கும். அல்லது கடலைப் புண்ணாக்கு பாதிக்கு மேல் போட்டிருப்பீர்கள். புண்ணாக்கு வாளியில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சாப்பிடுகிற புளிப்பா, மூக்கைத் திருப்பிக்கொள்கிற புளிப்பா என்று கேட்டுப் பாருங்கள். வாளியைத் திறந்ததும் தலை தானாகப் பின்னால் போனால் கோழிக்கு வேண்டாம். பி.எச். தாள் என்ன காட்டினாலும் சரி, இதில் மூக்கின் பேச்சையே நான் கேட்பேன்.

## அறிகுறி 4: பொங்கி வழிகிறது, மூடி தெறிக்கிறது

வாளியில் பாதிக்கு மேல் நிரப்பியிருக்கிறீர்கள், அல்லது திருகு மூடியை இறுக்கியிருக்கிறீர்கள். உள்ளே காற்று உண்டாகிக்கொண்டே இருக்கும், வெளியே போக வழி வேண்டும். துணி கட்டினால் முடிந்தது. இதற்கு வால்வு வைத்த ஜாடியெல்லாம் தேவையே இல்லை.

## அறிகுறி 5: ஈ, எறும்பு, புழு

சின்னப் பழ ஈ சுற்றுவது இயல்பு. துணியைச் சுற்றி இறுக்கமாக ரப்பர் போட்டால் போதும். எறும்புக்கு, வாளியை ஒரு தட்டுத் தண்ணீரில் நிறுத்துங்கள்.

வீட்டு ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிட்டதென்றால் வாளியைக் கொட்டுங்கள். "புழுதானே, கோழிக்கு விருந்து" என்பார்கள். வெறும் புழு என்றால் நானும் ஒத்துக்கொள்வேன். ஆனால் கோழிக்கு வரும் நாடாப்புழுக்களில் ஒரு வகை வீட்டு ஈ வழியாகவும், இன்னொரு வகை எறும்பு வழியாகவும்தான் பரவுகின்றன. மேய்கிற கோழி எப்படியும் எறும்பைத் தின்னும், அதைத் தடுக்க முடியாது. நாமே தட்டில் வைத்துக் கொடுக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

ஈ மொய்ப்பது வாளியில் இல்லை, தட்டில் என்றால் நீங்கள் போடும் அளவு அதிகம். ஒரு மணி நேரத்தில் தின்று தீர்க்கிற அளவு போடுங்கள். மிச்சத்தை வெயில் காலத்தில் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் அள்ளிவிடுங்கள். இரவு தட்டை அப்படியே விட்டால் எலி வரும், எலி வந்தால் பாம்பும் வரும்.

## அறிகுறி 6: கோழி மோந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறது

இதற்குப் பொறுமை ஒன்றே செலவு. கோழி பழகாத தீனியைச் சந்தேகப்படும் பிராணி. முதல் நாள் உலர் தீவனத்தில் கைப்பிடி மட்டும் கலந்து, ஒரு வாரத்தில் படிப்படியாகக் கூட்டுங்கள். காலையில் கூட்டைத் திறந்ததும், வயிறு காலியாக இருக்கும்போது போடுங்கள். மந்தையில் துணிச்சலான ஒன்று எப்போதும் இருக்கும். அது கொத்த ஆரம்பித்தால் மற்றவையும் வந்துவிடும்.

ஒரு வாரம் ஆகியும் தொடவில்லை என்றால் தண்ணீரை நன்றாக வடிகட்டினீர்களா பாருங்கள். சொதசொதவென்று இருந்தால் ஒதுக்கும். உதிரியாக, கையில் பிடித்தால் பிடிபட்டு, கையை விட்டால் உதிர்கிற பதம் வேண்டும். ஈரம் கூடிவிட்டால் தவிடு தூவுங்கள்.

நேற்றுவரை தின்றது, இன்று தொடவில்லை என்றால் கோழியைவிட நீங்கள் வாளியைத்தான் முதலில் மோந்து பார்க்க வேண்டும். வாடை நன்றாக இருந்தும் ஒரு கோழி மட்டும் ஒதுங்கிக் கொண்டை கறுத்து நின்றால் அது தீவனப் பிரச்சினை இல்லை, நோய். பிரித்து வையுங்கள்.

## அறிகுறி 7: எச்சம் தண்ணீராகப் போகிறது

ஈரத் தீவனம் தின்றால் எச்சமும் கொஞ்சம் இளகும். அதே சமயம் கோழி குடிக்கும் தண்ணீர் குறையும். இரண்டையும் கண்டு பயப்பட வேண்டாம். அப்புறம், சில எச்சங்கள் பழுப்பு நிறத்தில், பசை போல, கடும் நாற்றத்தோடு இருக்கும். பத்து எச்சத்தில் ஒன்று அப்படி வருவது ஆரோக்கியமான கோழிக்கும் உண்டு.

சந்தேகம் இருந்தால் ஒரே ஒரு சோதனை. இரண்டு நாள் புளித்த தீவனத்தை நிறுத்தி உலர் தீவனம் கொடுங்கள்.

எச்சம் கெட்டியானது: வாளியில்தான் விஷயம். வடிகட்டாத தண்ணீர், அதிகப் புளிப்பு, கருவாட்டு உப்பு, இந்த வரிசையில் சரிசெய்யுங்கள்.

கெட்டியாகவில்லை, ஆனால் கோழி சுறுசுறுப்பாக இருக்கிறது: குடற்புழு நீக்கம் எப்போது செய்தீர்கள்? நாள் ஆகிவிட்டிருந்தால் கால்நடை மருந்தகத்தில் கேட்டு மருந்து கொடுங்கள்.

பச்சையும் வெள்ளையுமாகக் கழிகிறது, கோழி கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு தூங்கி வழிகிறது: வெள்ளைக் கழிச்சல் என்ற தொற்றுநோயாக இருக்கலாம். வாளியை மறந்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். எச்சத்தில் ரத்தம்: குஞ்சுகளில் பெரும்பாலும் இரத்தக் கழிச்சல். அன்றே மருந்து வேண்டும், ஒரு நாள் தள்ளினால் பாதிக் குஞ்சு போய்விடும். புளித்த தீவனம் போடுவதால் நோய் வராது என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், தடுப்பூசியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். குடிநீரில் கலக்கிற தடுப்பு மருந்தை இந்தப் புளித்த தண்ணீரில் கலந்து கொடுக்கவும் கூடாது, மருந்து வீணாகும்.

## அறிகுறி 8: கழுத்தடிப் பை வீங்கித் தொங்குகிறது

கழுத்துக்குக் கீழே, மார்புக்கு மேலே இருக்கிற தீனிப்பையைச் சொல்கிறேன். மாலையில் அது உருண்டையாக இருப்பது இயல்பு. பார்க்க வேண்டிய நேரம் விடியற்காலை, தீனி போடும் முன். அப்போது தட்டையாகக் காலியாக இருக்க வேண்டும்.

விடியற்காலையிலும் கெட்டியாக, கல் போல இருக்கிறது: நீளப் புல், சணல் நூல், வைக்கோல் போய் அடைத்திருக்கும். தீனியை நிறுத்தித் தண்ணீர் மட்டும் வைத்து, பையைக் கையால் மெல்ல நீவிக்கொடுங்கள். ஒரு நாளில் இளகாவிட்டால் மருத்துவரிடம் கொண்டு போங்கள். கீறி எடுக்கிற வேலை அவருடையது, வீட்டில் பிளேடு எடுக்க வேண்டாம்.

தண்ணீர்ப் பலூன் போலக் குலுங்குகிறது, வாயில் புளிச்ச நாற்றம்: பைக்குள்ளேயே ஈஸ்ட் பெருகிவிட்டது. புளித்த தீவனத்தை உடனே நிறுத்துங்கள். சாராய வாடை வாளியைத் தொடர்ந்து போட்ட இடங்களில் இதைப் பார்த்திருக்கிறேன். பூசணத்துக்கான மருந்து தேவைப்படலாம், அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கோழியைத் தலைகீழாகப் பிடித்துப் பிழிந்து வெளியேற்றச் சொல்கிற கைவைத்தியம் ஒன்று உலவுகிறது. அந்தத் தண்ணீர் மூச்சுக்குழாயில் போனால் கோழி உங்கள் கையிலேயே சாகும்.

## அறிகுறி 9: முட்டை குறைந்துவிட்டது, ஓடு மெல்லிசாக இருக்கிறது

தீவனத்தை மாற்றிய வாரத்தில் முட்டை குறைந்தால் பழி முழுக்க வாளி மேல் விழும். பாதி நேரம் வாளி குற்றமற்றது.

நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடைக்கு உட்காரும், முட்டை நிற்கும். இறகு உதிர்க்கும் பருவத்திலும் நிற்கும். புதருக்குள் ஒளித்து இடுகிறதா என்று தேடிப் பாருங்கள். இதைச் செய்யாமல் மருந்துக் கடைக்குப் போகிறவர்கள் உண்டு.

அதெல்லாம் இல்லை என்றால் அளவு. ஊறிய தூள் தீவனம் எடையில் இரட்டிப்பாகும். கூட்டிலேயே இருக்கிற முட்டைக்கோழிக்கு நாளுக்கு 100 முதல் 120 கிராம் உலர் தீவனம் வேண்டும். ஊறிய பிறகு 120 கிராம் நிறுத்துப் போட்டால் நீங்கள் கொடுப்பது பாதிதான். ஊறப் போடும் முன்பே நிறுத்துவிடுங்கள். மேய்ச்சல் கோழிக்கு இந்த அளவு வேண்டாம், மாலையில் தீனிப்பையைத் தொட்டுப் பார்த்தே முடிவு செய்யலாம்.

அடுத்தது புரதம். கடைத் தீவனத்தை விட்டு வெறும் கம்பு, சோளத்துக்கு மாறியவர்களுக்கு இதுதான் நடக்கும். முட்டைக்கோழிக்குத் தீவனத்தில் 16 முதல் 18 சதவீதம் புரதம் வேண்டும். தானியங்களில் பத்துப் பன்னிரண்டு சதவீதத்தைத் தாண்டாது. புளிக்க வைத்தால் சத்து செரிக்கச் சற்று எளிதாகும், இல்லாத புரதம் உண்டாகாது. நல்ல கடலைப் புண்ணாக்கு, அசோலா என்ற தண்ணீரில் மிதந்து வளரும் சிறு செடி, கரையான், உப்பில்லாத மீன்தூள் இவற்றில் கைக்குக் கிடைப்பதைச் சேருங்கள். பச்சை சோயாவை மட்டும் ஊறப் போடாதீர்கள். புரதம் செரிக்க விடாமல் தடுக்கிற பொருள் அதில் இருக்கிறது, ஒன்றரை நாள் புளிப்பில் அது போகாது. வறுத்தோ வேக வைத்தோதான் போட வேண்டும்.

ஓடு மெல்லிசு என்றால் சுண்ணாம்புச் சத்து. கிளிஞ்சல் தூளைத் தனித் தட்டில் வையுங்கள், வேண்டிய கோழி வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளும்.

## அறிகுறி 10: குஞ்சுகளுக்குப் போட்டேன், பின்புறம் ஒட்டிக்கொள்கிறது

முதல் வாரம் வரை உலர்ந்த குஞ்சுத் தீவனமே இருக்கட்டும். அதற்குப் பிறகும் பொடியாக உடைத்ததை, நன்றாக வடித்து, அரை மணி நேரத்தில் தின்கிற அளவு மட்டும். குஞ்சு தட்டுக்குள் ஏறி நிற்கும், வயிறு நனையும், நனைந்த குஞ்சு குளிரில் சுருண்டுவிடும். மழைக்காலத்தில் நான் குஞ்சுக்கு ஈரத் தீவனமே போடுவதில்லை. பின்புறம் ஒட்டியதை இழுத்துப் பிய்க்காமல் வெந்நீரில் நனைத்த துணியால் ஊற வைத்துத் துடையுங்கள். மறுபடி மறுபடி ஒட்டினால், குஞ்சும் சுருண்டு நின்றால், மருத்துவர்.

## எந்த வரிசையும் பார்க்காமல் மருத்துவரைக் கூப்பிட வேண்டிய நிலை

கழுத்து துவண்டு தரையில் விழுகிறது, கால் இறக்கை எதற்கும் பலம் இல்லை என்றால் அழுகிய தீனியோ, செத்த பிராணியில் இருந்த புழுவோ தின்றதால் வரும் நஞ்சாக இருக்கலாம். கழுத்து துவளாமல் திருகிக்கொண்டு வானத்தைப் பார்த்தால் பெரும்பாலும் வெள்ளைக் கழிச்சல். இரண்டிலும் தாமதிக்கக் கூடாது. ஒரே நாளில் இரண்டு மூன்று கோழி செத்தாலும் அப்படித்தான். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கூப்பிடலாம். பக்கத்தில் கால்நடை மருந்தகம் இருந்தால் நேரே போவது இன்னும் வேகம்.

போவதற்கு முன் வாளியைக் கழுவிவிடாதீர்கள். வாளியிலிருந்து ஒரு டம்ளர், மூட்டையிலிருந்து அரைக் கிலோ உலர் தீவனம் இரண்டையும் தனித்தனியாகக் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள். பிழைத்திருக்கும் கோழிகளுக்கு அந்த மூட்டையை நிறுத்திவிட்டு வேறு தீவனமும் சுத்தமான தண்ணீரும் வையுங்கள். செத்த கோழியை வெறும் கையால் தொடாமல், பிளாஸ்டிக் பையில் இரட்டையாகக் கட்டி ஐஸ் மேல் வைத்துக் கொண்டுபோங்கள். உறைபெட்டியில் வைத்தால் உள்ளுறுப்புகள் சிதைந்து, அறுத்துப் பார்த்தாலும் சரியாகத் தெரியாது. கடைசியாக எப்போது எந்தத் தடுப்பூசி போட்டீர்கள், தீவனத்தை என்றைக்கு மாற்றினீர்கள் என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள், மருத்துவர் முதலில் கேட்பது அதுதான்.